மறுநாள் திரும்பி வந்த ரத்தம்: ஃபேக்டர் 13 குறைபாடு, ஒரு நிகழ்வு ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ரத்தம் உறைவதில் பிறவிக் குறை உள்ள ஒரு பெண் குழந்தைக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க, எங்களுக்கு முன்னால் பார்த்தவர்கள் காலத்தையும் சேர்த்தால், பதினைந்து மாதம் ஆனது. அந்தப் பதினைந்து மாதத்தில் எடுத்த ரத்தம் உறையும் பரிசோதனைகள் எல்லாம் ‘நார்மல்’ என்றே வந்தன. அது எப்படி நடந்தது, எந்த இடத்தில் நாங்கள் சரியாகப் போனோம், எந்த இடத்தில் தவறினோம் என்பதை வரிசையாக எழுதுகிறேன். பெற்றோரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன்.

குடும்பம்

அப்பா திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலை செய்கிறவர். கல்லுக்கால் நடுவது, கம்பி இழுப்பது, கவாத்து வெட்டுவது. அம்மா காய் பறிப்புக் காலத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்தில் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிறவர். இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் வாழ்க்கை இப்படித்தான்.

இருவரும் சொந்தம். அக்கா மகளையே அவர் கட்டியிருக்கிறார். அதனால் வீட்டில் இருக்கும் பாட்டி குழந்தைக்கு அப்பத்தா. குழந்தையின் அம்மாவுக்கு மாமியார், அம்மாச்சியும் அவரேதான். முதல் நாள் கேஸ் தாளில் ‘சொந்தத்தில் திருமணம்’ என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்துவிட்டோம். எங்களிடம் வருகிற தாள்களில் பல இப்படித்தான் இருக்கும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்விலும் தமிழ்நாட்டுத் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ரத்த உறவுக்குள் நடந்தவையாக இருந்தன. அடிக்கடி எழுதுகிற சொல் என்பதால் அதை நின்று யோசிக்கவில்லை.

இந்தப் பெண்ணுக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து, நாற்பத்தைந்தாம் நாள் இறந்திருந்தது. முதலில் பால் குடிக்கவில்லை, பிறகு உச்சிக்குழி புடைத்தது, வலிப்பு வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது. வீட்டில் அதை ‘தோஷம்’ என்றார்கள். கொண்டுபோன இடத்தில் ‘மூளையில் ரத்தக்கசிவு’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். நாங்கள் கேட்கும்வரை யாரும் அதைக் கேட்டதில்லை.

பிறப்பிலிருந்து பதினான்காம் மாதம் வரை

பெண் குழந்தை நிறைமாதத்தில் சுகப்பிரசவத்தில் பிறந்தது. எடை 2.7 கிலோ. பிறந்ததும் வழக்கம்போல வைட்டமின் கே ஊசி 1 மில்லிகிராம் போட்டிருந்தார்கள். ஆறாம் நாள் தொப்புள் கொடி விழுந்தது. எட்டாம் நாள் தொப்புளிலிருந்து ரத்தம் கசியத் தொடங்கியது. பஞ்சு வைத்துக் கட்டினால் நின்றது, மறுநாள் துணி நனைந்திருந்தது. இப்படிப் பத்து நாள். ஒரு மருத்துவமனையில் காட்டியதில், தொற்று என்று மருந்து கொடுத்து, வைட்டமின் கே இன்னொரு முறை போட்டார்கள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள்: தட்டணுக்கள் சரி. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்கும் இரண்டு சோதனைகளான பி.டி. சரி, ஏ.பி.டி.டி. சரி. ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று அனுப்பினார்கள்.

ஒன்பதாம் மாதம் சுவரைப் பிடித்து நிற்கப் பழகும்போது விழுந்து நெற்றியில் இடித்தது. அன்று சின்னதாகப் புடைத்தது. மறுநாள் அது எலுமிச்சம்பழ அளவுக்கு நீலம் பாரித்து நின்றது. மறுபடியும் ரத்தப் பரிசோதனை, மறுபடியும் நார்மல். ‘ரத்தம் உறையாத வியாதி ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் வரும், உங்க பிள்ளைக்கு இல்லை’ என்று யாரோ சொன்னதை நம்பி, அதன்பின் இந்தக் கேள்வியை வீட்டில் விட்டுவிட்டார்கள். ஹீமோஃபிலியாவை மட்டும் மனதில் வைத்துச் சொன்ன சொல் அது. ஹீமோஃபிலியாவுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் பெரும்பாலும் ஆண்களைத் தாக்குகிறது. உறைதல் குறைகள் எல்லாமே அப்படி அல்ல. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால் வருகிற வகைகளில் ஆண், பெண் வித்தியாசம் கிடையாது.

எங்களிடம் வந்த நாள்

பதினான்காம் மாதம், எவர்சில்வர் டம்ளரை வாயில் வைத்துக்கொண்டு நடந்த குழந்தை குப்புற விழுந்தது. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய நரம்புபோன்ற சதை கிழிந்தது. எங்களிடம் கொண்டுவந்தது நான்காம் நாள். குழந்தை வெளுத்துப்போய், அம்மாவின் தோளில் தலை சாய்த்துக் கிடந்தது. எடை 8.4 கிலோ, ஹீமோகுளோபின் 5.6 கிராம். உதட்டுக்குள்ளே கருஞ்சிவப்பாக ஒரு ரத்தக்கட்டி தொளதொளவென்று தொங்கியது. ஓரத்தில் மெதுவாகக் கசிவு.

தட்டணுக்கள் 3.1 லட்சம். பி.டி. 13 விநாடி, ஏ.பி.டி.டி. 31 விநாடி. எல்லாம் இயல்பு.

அப்பத்தா அப்போது சொன்னதை நான் அப்படியே எழுதிவைத்தேன்: “அடிபட்ட அன்னைக்கி நின்னுருது டாக்டரம்மா. நாமளும் சரியாப் போச்சுன்னு இருக்கோம். மறுநா சாயங்காலம் திரும்பக் கசியுது. இவ தொப்புளும் அப்படித்தான். மூத்தவனுக்கும் தொப்புள் காயவே இல்ல.”

இந்த நோயாளியைப் பொறுத்தவரை எங்களுக்குக் கிடைத்த மிக முக்கியமான தகவல் இதுதான். தட்டணுக்களில் குறை என்றால் அடிபட்டவுடனேயே நிற்காமல் ஓடும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். இங்கே முதலில் நின்றுவிடுகிறது. அதாவது ரத்தம் உறைகிறது. உறைந்தது தாங்கவில்லை. அதோடு இரண்டு குழந்தைகளுக்குத் தொப்புளில் கசிவு, ஒரு குழந்தைக்கு மூளையில் கசிவு, பெற்றோர் நெருங்கிய சொந்தம். நான்கையும் சேர்த்துப் பார்த்தால், உறைந்த ரத்தக்கட்டியை உறுதியாக்கும் புரதம் இல்லாத நோயான ஃபேக்டர் 13 குறைபாடு என்ற பெயர் முன்னால் வந்து நிற்க வேண்டும். 20 முதல் 30 லட்சம் பேரில் ஒருவருக்கு வருகிற நோய் என்று படித்ததால், அது எனக்கு அன்று முழுவதும் தோன்றவில்லை. சொந்தத்துக்குள் கட்டும் வழக்கம் உள்ள ஊர்களில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதல் முடிவும் அதிலிருந்த பிழையும்

குழந்தை மோசமாக இருந்தது. ரத்த அணுக்கள் 85 மி.லி., உறைநிலையில் வைத்திருந்த பிளாஸ்மா 125 மி.லி. இரண்டையும் ஏற்ற முடிவெடுத்தோம். காரணம் எளிது: எந்தப் புரதம் குறைந்தாலும் பிளாஸ்மாவில் அது கொஞ்சமாவது இருக்கும். அந்த முடிவு சரி. அன்று இரவே கசிவு நின்றது, மறுநாள் திரும்பி வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக வரவில்லை.

தவறு எங்கே என்றால், பிளாஸ்மாவைத் தொங்கவிடுவதற்கு முன்னால், உறைதல் சோதனைக்கான நீல மூடிக் குழாயில் இரண்டு மி.லி. ரத்தம் எடுத்துத் தனியாக வைக்கவில்லை. இரண்டாம் நாள்தான் ஃபேக்டர் 13 பற்றி யோசித்து மாதிரி எடுத்து, ரத்தக்கட்டி யூரியாக் கரைசலில் கரைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அனுப்பினோம். ‘ரத்தக்கட்டி கரையவில்லை, இயல்பு’ என்று முடிவு வந்தது.

நான் ஏறக்குறைய அந்தக் கோப்பை மூடியிருப்பேன். மூத்த ரத்தவியல் மருத்துவர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டபோது, நான் சொன்ன வரலாறு முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “பிளாஸ்மா எப்ப ஏத்துனீங்க, சாம்பிள் எப்ப எடுத்தீங்க?” பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இந்தச் சோதனை, ஃபேக்டர் 13 ஏறத்தாழ இல்லவே இல்லை என்கிற அளவுக்குக் குறைந்தால்தான் பிழை காட்டும். யாரோ ஒருவர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து வந்த அளவே அதை ‘இயல்பு’ ஆக்கப் போதும். நாங்கள் சோதித்தது கொடையாளியின் ரத்தத்தை.

ஃபேக்டர் 13 ரத்தத்தில் பாதியாகக் குறையவே 9 முதல் 14 நாள் ஆகும். ஏற்றியது வடிந்து குழந்தையின் சொந்த அளவு தெரிய ஐந்து, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். காத்திருப்பது என்று முடிவு செய்தோம்.

காத்திருந்த வாரங்கள்

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை: தசையில் ஊசி போட வேண்டாம், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் கூடாது, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். தலையில் அடிபட்டால் வாந்தி வருகிறதா, மயக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் உடனே வாருங்கள்.

கடைசி வாக்கியம் தலையில் அடிபட்ட எல்லாக் குழந்தைகளின் வீட்டாருக்கும் சொல்கிற வாக்கியம். பழக்கத்தில் வாயில் வந்தது.

முப்பத்துமூன்றாம் நாள் குழந்தை திண்ணையிலிருந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அழுதது, பிறகு விளையாடியது. வீக்கம்கூட இல்லை. அப்பத்தா ராத்திரி முழுக்கத் தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. மறுநாள் மத்தியானம் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுத்தது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடியது. விழுந்து இருபத்தாறு மணி நேரம் கழித்து எங்களிடம் வந்தார்கள்.

“நீங்க சொன்ன மாதிரியே முழிச்சிருந்து பாத்தேன் டாக்டரம்மா,” என்றார் அப்பத்தா. அவர் எதையும் தவறவிடவில்லை. மறுநாள்தான் ரத்தம் கசியும் என்று சந்தேகப்படுகிற ஒரு குழந்தைக்கு, அன்றிரவு மட்டும் பார்க்கச் சொன்னவள் நான். அடி பட்ட உடனே, வீக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

இந்த முறை வரிசையில் தவறவில்லை. முதலில் நீல மூடிக் குழாயில் ரத்தம். அடுத்து, ஸ்கேனுக்குக் காத்திராமல், கிரையோபிரெசிபிடேட் இரண்டு பை. முதல் தடவைக்கு அப்புறம் ஆபத்துக்கு என்று ரத்த வங்கியில் சொல்லி ஏற்பாடு செய்துவைத்திருந்தது உதவியது. கிரையோ என்பது பிளாஸ்மாவை மெதுவாக உருக்கும்போது அடியில் படியும் கெட்டியான பகுதி. ஒரு பை 15, 20 மி.லி.தான் இருக்கும், ஆனால் ரத்தம் உறைய வேண்டிய புரதங்களான ஃபைப்ரினோஜனும் ஃபேக்டர் 8ம் ஃபேக்டர் 13ம் அதில் செறிவாக இருக்கின்றன. பைகள் ஓடி முடிந்த பிறகு 108 ஆம்புலன்ஸில் ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். மூளைக்கும் அதன் உறைக்கும் இடையில் இடது பக்கம் மெல்லிய ரத்தப் படலம் தெரிந்தது. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு கிரையோ. ஒன்பதாம் நாள் குழந்தை நடந்து வீட்டுக்குப் போனது.

யூரியா சோதனை

அந்த மாதிரியை எங்கள் லேபிலேயே பார்த்தோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்மாவில் கால்சியம் குளோரைடு சேர்த்துக் கட்டியாக உறையவைத்து, அந்தக் கட்டியை 5 மோலார் யூரியாக் கரைசலில் போட்டு 24 மணி நேரம் பார்க்க வேண்டும். 100 மி.லி.க்கு 30 கிராம் யூரியா. பக்கத்திலேயே நோய் இல்லாத ஒருவரின் கட்டியையும் போட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரைசல் சரியாக இருந்ததா என்று சொல்ல முடியாது. எங்கள் லேப் டெக்னீஷியன் தன் ரத்தத்தையே அதற்குக் கொடுத்தார்.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். இரண்டிலும் வெள்ளையாக, நுங்கின் சதைபோல ஒரு துண்டு. அரை மணி நேரத்தில் குழந்தையின் துண்டு ஓரம் மங்கத் தொடங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் குழாயை ஆட்டினால் தண்ணீர் மட்டும்தான். மறுநாள் காலையிலும் டெக்னீஷியனின் துண்டு அப்படியே மிதந்துகொண்டிருந்தது.

1948இல் லாகி, லோரண்ட் என்ற இரண்டு ஹங்கேரிய விஞ்ஞானிகள் கவனித்தது இதைத்தான்: ரத்தக்கட்டியின் நூலான ஃபைப்ரினைத் தூய்மைப்படுத்தி எடுத்தால் அது யூரியாவில் கரைகிறது, ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் சேர்ந்தால் கரைவதில்லை. அந்தப் பொருள் பிறவியிலேயே இல்லாத முதல் நோயாளியை 1960இல் சுவிட்சர்லாந்தில் டுக்கர்ட்டும் அவருடன் இருந்தவர்களும் பதிவு செய்தார்கள். அத்தனை பழைய சோதனை, அவ்வளவு மலிவு. அது எங்கள் பகுதியில் வழக்கமாகச் செய்யப்படாதது விலையால் அல்ல, கேட்கப்படாததால்தான் என்று நினைக்கிறேன்.

மிச்ச மாதிரியைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குழந்தையின் ஃபேக்டர் 13 அளவு 2 சதவீதத்துக்கும் கீழே. பெற்றோரைச் சோதித்ததில் அப்பாவுக்கு 48, அம்மாவுக்கு 54. இருவரிடமும் பாதி. அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது.

பந்தல் கணக்கு

இதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தேன். அப்பாவின் கையைப் பார்த்ததும் வழி கிடைத்தது. விரல்களெல்லாம் கட்டுக்கம்பி கீறிய தழும்புகள்.

ரத்தக்குழாய் கிழிந்தால் தட்டணுக்கள் போய் ஓட்டையை அடைக்கும். அதன்மேல் பல புரதங்கள் ஒன்றை ஒன்று தூண்டி, கடைசியில் ஃபைப்ரின் என்ற நூல்களால் வலை பின்னும். பந்தலில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுப்பதுபோல. இழுத்து முடித்தால் வேலை முடிந்ததா? கம்பிகள் ஒன்றை ஒன்று தாண்டுகிற இடமெல்லாம் கட்டுக்கம்பி போட்டு முறுக்க வேண்டும். அந்த முறுக்கைப் போடுவதுதான் ஃபேக்டர் 13. பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் கம்பி இழுத்து முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்திவிடுகிற சோதனைகள். கட்டுப் போட்டார்களா என்று அவை பார்ப்பதே இல்லை. அதனால்தான் பதினைந்து மாதமும் நார்மல்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கட்டாத பந்தலும் நிக்கும் டாக்டர். கொடி ஏறி, குலை தொங்குனாத்தேன் சரியும்,” என்றார். நான் பாடப் புத்தகத்தில் படித்ததைவிட அது தெளிவாக இருந்தது. ரத்தக்கட்டி முதல் நாள் நிற்பதும், உடம்பின் கட்டியைக் கரைக்கும் வேலை தொடங்கிய பிறகு மறுநாள் சரிவதும் அதேதான்.

சொந்தக் கணக்கு இன்னும் கடினமாக இருந்தது. அப்பத்தாவும் அம்மாச்சியும் ஒரே ஆள் என்பதன் அர்த்தத்தை அப்போதுதான் தாளில் படம் போட்டுக் காட்டினேன். பாட்டியிடமோ, காலமான தாத்தாவிடமோ ஒரு குறைப் பிரதி இருந்திருக்கிறது. அது மகனுக்கும் போயிருக்கிறது, மகளுக்கும் போயிருக்கிறது. மகள் வழியாகப் பேத்திக்கு. மகனுக்கும் பேத்திக்கும் கல்யாணம் நடந்தபோது, ஒரே இடத்திலிருந்து பிரிந்து போன இரண்டும் மறுபடி சேரும் வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று.

“நாந்தானே கட்டிவச்சேன்,” என்றார் பாட்டி. மூத்த பேரன் இறந்தது தோஷம் இல்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை. தோஷம் என்றால் யார் மேலும் பழி இல்லை. இப்போது தன் மேல் என்று எடுத்துக்கொண்டார். இந்தக் குறையைச் சுமப்பவருக்குப் பெரும்பாலும் ஓர் அறிகுறியும் இருக்காது, யாருக்கும் தெரிந்திருக்க முடியாது, நம் ஒவ்வொருவரிடமும் இப்படிச் சில குறைப் பிரதிகள் இருக்கின்றன என்று மூன்று வேறு வேறு நாள்களில் உட்கார்ந்து சொன்னோம். ஒரே நாளில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. மூன்றாவது தடவைதான் அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். முதல் கேள்வி, அம்மாவின் தங்கைக்குப் பேசி வைத்திருக்கும் முறைமாப்பிள்ளை பற்றி. இருவரையும் சோதித்தோம். முடிவு அந்தக் குடும்பத்துக்குரியது, இங்கே எழுதவில்லை.

28 நாளுக்கு ஒரு முறை

ரத்தம் வந்த பிறகு சிகிச்சை கொடுப்பதா, வராமல் இருக்க முன்கூட்டியே கொடுப்பதா என்ற கேள்வியில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. இந்தக் குறை கடுமையாக உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் கசிவு வருகிறது. உறைதல் நோய்களிலேயே அதிகம். இந்த வீட்டில் இரண்டு குழந்தைகளுக்கும் வந்துவிட்டது.

ஒரு நல்ல செய்தியும் இருந்தது. ஹீமோஃபிலியாவுக்கு ஏற்றுகிற ஃபேக்டர் 8 அரை நாளில் பாதியாகிவிடும். ஃபேக்டர் 13 வாரக்கணக்கில் நிற்கும், தவிர 3, 4 சதவீதம் இருந்தாலே பெரிய கசிவுகள் பெரும்பாலும் வருவதில்லை. எனவே 10 கிலோ எடைக்கு ஒரு பை என்ற கணக்கில் 28 நாளுக்கு ஒரு முறை கிரையோ. செறிவூட்டிய ஃபேக்டர் 13 மருந்து உலகில் இருக்கிறது, அதில் கிருமி நீக்கமும் செய்யப்பட்டிருக்கும். எங்கள் கைக்கு அது எட்டவில்லை. கிரையோவில் தொற்று அபாயம் முழுதாக நீங்குவதில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதும் போட்டிருக்கிறதா என்று சரிபார்த்தோம். மீதித் தடுப்பூசிகளை மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு, ஐந்து நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தோம். முடிந்தால் கிரையோ போட்ட அதே நாளில்.

முதல் எட்டு மாதம் ஒரு கசிவும் இல்லை. ஒன்பதாவது முறை வரவில்லை. காய் பறிப்பு உச்சத்தில் இருந்தது. அம்மா வேலையை விட்டால் ஒரு நாள் கூலி போகும், அப்பாவுக்குக் கவாத்து நேரம். ஐம்பதாம் நாள் பல் முளைக்கும் ஈறில் ரத்தத்தோடு வந்தார்கள். திட்ட மனம் வரவில்லை. தேதியைக் கணக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமையாக மாற்றினோம். கிரையோவை உருக்கினால் சில மணி நேரத்துக்குள் ஏற்றியாக வேண்டும் என்பதால், ஜீப் ஏறும் முன் அப்பா ஒரு போன் செய்வார், அதற்கப்புறம்தான் பையை வெளியே எடுப்போம். அதன்பின் ஒரு முறையும் தவறவில்லை.

அம்மா தோட்டத்திலேயே தங்கும் வாரங்களில் குழந்தையும் மலைமேல் இருக்கும். அங்கே அடிபட்டால் போவது கேரளத்து மருத்துவமனைக்கு. அதனால் ஒரு அட்டை தயாரித்தோம், ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். நோயின் பெயர், ரத்தப் பிரிவு, ‘பி.டி., ஏ.பி.டி.டி. இயல்பாகவே இருக்கும், அதை நம்பித் திருப்பி அனுப்ப வேண்டாம்’ என்ற வரி, தலையில் அடி என்றால் ஸ்கேனுக்கு முன்பே கிரையோ அல்லது பிளாஸ்மா என்ற வரி. மலையாளத்தில் எழுதிக்கொடுத்தது எங்கள் செவிலியர்களில் ஒருவர். அந்த அட்டை இரண்டு முறை பயன்பட்டிருக்கிறது. இரண்டு முறையும் மலைமேல் இருந்த மருத்துவர் படித்துவிட்டு என்னை அழைத்தார்.

சலுகைகளுக்கு விண்ணப்பித்தபோது ஒரு தடை வந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஹீமோஃபிலியாவைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதை விவரிக்கும்போது, பெரும்பாலும் ஆண்களை மட்டும் பாதிப்பது, பெண்கள் வழியாக ஆண் குழந்தைகளுக்குப் போவது என்று சொல்கிறது. பெண் குழந்தை, வேறு ஃபேக்டர் என்றதும் விண்ணப்பம் திரும்பி வந்தது. இது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அரிதான உறைதல் குறைகள் உள்ள பெண் குழந்தைகளுக்கு ஆபத்து எந்த விதத்திலும் குறைவில்லை. மீண்டும் விண்ணப்பித்திருக்கிறோம்.

அடுத்த பிரசவம்

குழந்தைக்கு இரண்டரை வயதாகும்போது அம்மா மறுபடி கருவுற்றார். நான்கில் ஒன்று என்ற கணக்கையும், கருவிலேயே மரபணுச் சோதனை செய்ய வாய்ப்பு உண்டு என்பதையும், அதற்கு எங்கே போக வேண்டும் என்பதையும் சொன்னோம். யோசித்துவிட்டு, சோதனை வேண்டாம், பிறந்தவுடன் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பிரசவம், ஆயுதப் பிரசவம் தவிர்ப்பது, கிரையோ கையில் தயார் என்று திட்டமிட்டோம்.

ஆண் குழந்தை. தொப்புள்கொடி ரத்தத்தில் எடுத்த கட்டியை யூரியாவில் போட்டார்கள். அப்பா ஆய்வகக் கதவருகிலேயே நின்றிருக்கிறார். மறுநாள் காலை வரை கட்டி அப்படியே இருந்தது. அதுவரை தசையில் எந்த ஊசியும் போடவில்லை. வைட்டமின் கேயைத் தோலுக்கடியில் கொடுத்தார்கள். தொப்புள் ஏழாம் நாள் விழுந்து காய்ந்தது. அப்பத்தா தினமும் இரண்டு முறை துணியை விலக்கிப் பார்த்ததாக அம்மா சொன்னார்.

மூத்த பெண்ணுக்கு இப்போது நான்கு வயது. அங்கன்வாடிக்குப் போகிறாள். நடை, பேச்சு எல்லாம் வயதுக்கேற்ப இருக்கின்றன. பருவம் எய்தும்போது மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம், பின்னாளில் சிகிச்சை இல்லாமல் கர்ப்பம் தங்குவது கடினம் என்பதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.

இன்று என்றால் எதை மாற்றுவோம்

காரணம் தெரியாத ரத்தக்கசிவு எதுவாக இருந்தாலும், பிளாஸ்மாவோ ரத்தமோ ஏற்றும் முன் நீல மூடிக் குழாய் ஒன்று எடுத்து வைக்கிறோம். ரத்தப் பை வைக்கும் தட்டிலேயே அந்தக் காலிக் குழாயும் இருக்கும்படி செவிலியர்கள் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். குழாய் நிரம்பாமல் பை ஏறாது.

ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்றால் ஆறு வாரம் சும்மா காத்திருக்க மாட்டோம். பெற்றோரின் ஃபேக்டர் 13 அளவை அப்போதே சோதித்திருக்கலாம். இருவருக்கும் பாதி என்று தெரிந்திருந்தால், சந்தேகத்தின் பேரிலேயே குழந்தைக்கு முன்கூட்டியே கிரையோ தொடங்கியிருப்போம். திண்ணையிலிருந்து விழுந்த அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். இதை நினைக்காத மாதம் இல்லை.

தலையில் அடிபட்ட குழந்தையின் வீட்டாரிடம், வீட்டில் யாருக்காவது ரத்தக்கசிவு வரலாறு இருந்தால், பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தடுப்பூசிக்கு வருகிற எல்லாக் குழந்தைகளின் தாளிலும், ‘சொந்தத்தில் திருமணம்’ என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: தொப்புள் விழுந்த பின் ரத்தம் கசிந்ததா, இந்தக் குழந்தைக்கோ முன் பிறந்த குழந்தைக்கோ? அதைத் தாயிடம் மட்டும் கேட்காமல், கூட வந்திருக்கும் பாட்டியிடமும் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்.